ஒனேசிமஸ் சொன்னதும் மேதர் கேட்டதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடக்ககால அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களை வாசிப்புப் பழக்கமுள்ள சமூகம் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். 1692இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டவர்களும் அவர்கள்தாமே? அங்கே அறிவின் வரலாறு அறிவியலாளரும் அரசியலாளருமான பெஞ்சமின் பிராங்க்ளினிடமிருந்தே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தூக்கிலிட்டவர்கள் அவர்கள்தாம். ஆனால் பிராங்க்ளினை எல்லைக்கல்லாக நட்டால் அதே மாசசூசெட்ஸில் 1721ஆம் ஆண்டின் பாஸ்டன் நகரம் இடறுகிறது.

ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் அவ்வாண்டு பாதிப் பேருக்குப் பெரியம்மை கண்டது. 840க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயாளியின் கொப்புளத்துச் சீழை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைத்தால் அம்மை இலேசாக வந்து போய்விடும் என்று மருத்துவர்களிடம் மன்றாடியவர், சேலம் தீர்ப்புகளை நூல் எழுதி நியாயப்படுத்திய அதே போதகர் காட்டன் மேதர். அதை அவருக்கு முதலில் சொன்னவர், அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குச் சென்ற குறிப்பொன்றிலும் அதையே படித்த பிறகு மேதரின் நம்பிக்கை உறுதிப்பட்டது.

முன்வந்த மருத்துவர் சாப்டியேல் பாய்ல்ஸ்டன் ஒருவரே. தம் ஆறு வயது மகனுக்கும் இரண்டு அடிமைகளுக்கும் முதலில் குத்தினார் (அடிமைகளுக்கு மறுக்கும் உரிமை ஏது?). எதிரணியின் தலைவரோ, ஊரில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்த ஒரே மருத்துவரான வில்லியம் டக்ளஸ். ஆப்பிரிக்கர்களின் பேச்சை நம்புவதா என்பது அவருடைய ஏளனங்களுள் ஒன்று. பிராங்க்ளினின் அண்ணன் ஜேம்ஸ் நடத்திய 'நியூ இங்கிலாந்து கூரன்ட்' இதழ் அவ்வெதிர்ப்புக்கு மேடையானது. பெஞ்சமின் அங்கே அச்சுத்தொழில் பழகிய சிறுவர். நவம்பரில் மேதரின் வீட்டுக்குள் ஒரு குண்டு வீசப்பட்டது. நல்லவேளையாக அது வெடிக்கவில்லை.

சேலத்தில் சிறுமிகளின் வாக்குமூலத்துக்குச் செவிசாய்த்ததும், பாஸ்டனில் ஓர் அடிமையின் சொல்லுக்குச் செவிசாய்த்ததும் மேதரின் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை என்றே நான் நினைக்கிறேன்: கண்ணுக்குப் புலப்படாதவற்றைப் பற்றி யார் சொன்னாலும் அதைக் கடவுளின் செயலுக்குச் சான்றாகக் குறித்துவைக்கும் பியூரிட்டன் பழக்கம் அது. பாஸ்டனில் கூடுதலாக இருந்தது எண்ணிப்பார்த்தல். அம்மை கண்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இறந்த ஊரில், பாய்ல்ஸ்டன் குத்திய சுமார் 240 பேரில் இறந்தவர்கள் 6 பேர். அக்கணக்கை அவர் 1726இல் லண்டனில் நூலாகவே வெளியிட்டார்.

பிராங்க்ளின் பிற்காலத்தில் அம்மை குத்துதலை ஆதரித்தவர்தான். ஆனாலும் 1736இல் நான்கு வயது மகன் பிரான்சிஸைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். குழந்தைக்குக் குத்தாமல் விட்டதை எண்ணி நெடுங்காலம் வருந்தியதாகத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.