புள்ளியியலில் யாரைப் படிப்பது?

கேள்வி: கல்லூரியில் புள்ளியியல் அடிப்படைகளைப் படித்தேன். தரவுப் பகுப்பாய்வு பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதுகிறார்கள். படிக்கத் தகுந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எழுதியவரின் பட்டம், அவரைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை எல்லாம் அப்புறம். அவர் பயன்படுத்திய தரவு என் கைக்குக் கிடைக்குமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தரவுக் கோப்பையும் கணக்கிட்ட முறையையும் கூடவே கொடுத்திருந்தால், நானே உட்கார்ந்து சரிபார்க்கலாம். வரைபடம் மட்டும் அழகாக இருந்து, எண்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாவிட்டால் அதோடு மூடிவிடுவேன்.

ஓர் எடுத்துக்காட்டு: அரசுக் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரிப் பொருளாதார வளர்ச்சி −0.1 சதவீதமாகிவிடுகிறது என்று ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் 2010இல் எழுதினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்; விடை ஒத்துவரவில்லை. அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், சராசரி எடுத்த வரிசையில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்களும் 2013இல் வெளியிட்ட விடை 2.2 சதவீதம்.

எல்லோரும் எக்செல் தவறைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். உண்மையில் அதன் பங்கு சிறியது. அந்த வரம்புக்கு மேல் 19 ஆண்டுகள் இருந்த பிரிட்டனுக்கும், ஒரே ஓர் ஆண்டுத் தரவு மட்டும் சேர்க்கப்பட்ட நியூசிலாந்துக்கும் சராசரியில் சம எடை, அதாவது சம பங்கு, கொடுத்திருந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் நியூசிலாந்தின் வளர்ச்சி −7.6 சதவீதம்! கோப்பு கையில் இல்லாமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று, எழுதுபவர் தன் தவறை வெளிப்படையாகத் திருத்துகிறாரா என்று பாருங்கள். பழைய கட்டுரைகளில் திருத்தக் குறிப்பு இருந்தால் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். பெயர் ஒன்று வேண்டுமென்றால், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ கெல்மன் 2004 முதல் இணையத்தில் எழுதிவருகிறார். மற்றவர்களின் ஆய்வுகளைப் பிரித்துப் போட்டுக் காட்டுவதில் கெட்டிக்காரர். தொடக்கத்தில் பாதி புரியாது, பரவாயில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? பத்துப் பேரைப் பின்தொடராதீர்கள். தரவோடு வந்த ஒரு கட்டுரையை எடுத்து, அதிலுள்ள ஒரே ஓர் எண்ணை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால், எங்கே மாறுகிறது என்று குறிப்பிட்டு எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவரைத் தொடர்ந்து படிக்கலாமா என்பது வருகிற பதிலிலேயே தெரிந்துவிடும்.