விழுந்த பிறகு ஏறவே பயம்: குதிரையை வைத்துக்கொள்வதா, விற்பதா?

விழுந்தபின் சேணத்தில் ஏறவே உடல் நடுங்கினால், சவாரித் துணிவு போய்விட்டது என்கிறோம். கற்ற திறமை எங்கும் போகவில்லை. பயத்தில் முழங்கால் கவ்வும், மூச்சு அடைபடும், கை கடிவாள வாரை இழுக்கும். எப்போதும் எச்சரிக்கையாக வாழும் விலங்கான குதிரை அந்த இறுக்கத்தை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். சாலையைக் கடக்கும்போது அம்மாவின் பிடி திடீரென இறுகினால் குழந்தை மிரளுமே, அப்படித்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ப் பக்கம் மலிவாக வருவது பலசமயம் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை. வார் இறுகினால் அதில் சாய்ந்து ஓடப் பழகியது அது. நீங்கள் நிறுத்த இழுப்பீர்கள், அது பாயும். குதிரை மேல் குற்றமே இல்லை.

முதலில் கால்நடை மருத்துவரிடம் அதன் முதுகைக் காட்டுங்கள், வலியாலும் அது ஆளை உதறித் தள்ளும். அப்புறம் பயிற்சியாளரோடு வேறொரு சாதுவான குதிரையில் ஏறிப் பாருங்கள். அங்கே பயமில்லை என்றால் ஜோடிதான் பொருந்தவில்லை. நல்ல கையில் கொடுத்துவிடலாம். அங்கேயும் பயம் என்றால், விற்க அவசரப்படாமல் பயிற்சியைத் தொடருங்கள். ஆனால் ஏறாவிட்டாலும் ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு (கடிக்கும் சிறு பூச்சிகள் பரப்பும் கொடிய நோய்) ஆண்டுதோறும் தடுப்பூசி, கோடை முடிவில் அந்தப் பூச்சிகள் கடிக்காதபடி அந்திக்கு முன்பே லாயத்தில் அடைப்பது என்று வேலையும் செலவும் குறையாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

விழுந்தவுடன் மறுபடி ஏறினால்தான் பயம் போகும் என்பார்கள்; தலையில் அடிபட்டிருந்தால் அது ஆபத்து, மருத்துவர் பார்த்த பிறகே ஏறவேண்டும்.