டி டிரைவில் இருப்பது பேக்கப் ஆகாது

சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது. டி டிரைவில் 'பேக்கப்', 'பேக்கப் நியூ', 'பேக்கப் ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர்கள் இருக்கின்றன. எதை அழிக்கலாம்? (மேற்கு மாம்பலம் வாசகர்)

மூன்றையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் ஒன்று பாருங்கள்: உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே டிஸ்க்தானா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். ஒரே டிஸ்கை நடுவில் தடுத்து சி, டி என்று பெயர் வைத்திருப்பார்கள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் சுவர் எழுப்பினால் வீடு இரண்டாகிவிடுமா? டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

சி டிரைவில் இடம் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். சமீபத்தில் விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தால், பழைய விண்டோஸ் அப்படியே ஒரு ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். பல ஜிபி பிடிக்கும். வழக்கமாகப் பத்து நாளில் அதுவே போய்விடும்; பழையதற்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால் இப்போதே அழிக்கலாம். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிடாதீர்கள். இறக்கி வைத்த பென்ஷன் ஸ்லிப், ஆதார் பிடிஎஃப் எல்லாம் அங்கேதான் கிடக்கும், அதுவும் சேர்ந்து போகும்.

வீட்டில் யாராவது ஐபோனை இந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்திருந்தால், அதுவும் சி டிரைவுக்குள் மறைந்திருக்கும். ஃபோல்டரைத் தேடிப் போய் அழிக்காமல், பேக்கப் எடுத்த ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் ஆப்புக்குள் போய் அழிப்பதே நல்லது.

அப்புறம் அந்த மூன்று ஃபோல்டர்கள். ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மூன்றையும் அதில் காப்பி செய்யுங்கள். பத்து ஃபைலையாவது அங்கிருந்து திறந்து பார்த்துவிட்டு, பிறகு டி டிரைவில் கை வையுங்கள். 'ஃபைனல்' என்று பெயர் வைத்ததை யாரும் நம்பக்கூடாது. தேதியைப் பாருங்கள்.

வேளச்சேரியில் தரைத்தளம். எக்ஸ்டர்னல் டிஸ்கை எங்கே வைப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது என் டிஸ்க் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது, சிபியூவுக்குப் பக்கத்திலேயே. எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று நானேதான் வைத்தேன். பேக்கப்பும் அசலும் ஒன்றாகவே முழுகின. இது நடந்த பிறகுதான் மூன்று-இரண்டு-ஒன்று கணக்கு எனக்கு மண்டையில் ஏறியது: மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே.

பரணில் வைத்தால் வெள்ளம் எட்டாது, ஆனால் திருடன் எட்டுவான், கூரைக் கசிவும் எட்டும். மேட்டுப் பகுதியில் அக்காவோ தம்பியோ இருந்தால் இரண்டாவது டிஸ்கை அங்கே கொடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப் போகும்போது மாற்றி எடுத்துவாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடி வைத்தால் போதும்.

நனைந்துவிட்டால்? வேலை செய்கிறதா என்று சொருகிப் பார்க்காதீர்கள். அரிசி வைத்தியம், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். அப்படியே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

எல்லாம் கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது. தனியாக பேக்கப் தேவையா? (பெரம்பூர்)

தேவை. சிங்க் என்பது கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு தேடினாலும் கிடைக்காது. ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களும் சமர்த்தாக மேலே ஏறிவிடும். தவிர, இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. போட்டோக்களுக்குக் கணக்கே இல்லை என்ற காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. தினமும் வரும் 'குட் மார்னிங்' வீடியோக்களுக்கும் நீங்கள்தான் வாடகை கட்டுகிறீர்கள்.

அம்பத்தூரில் சின்னக் கடை. கணக்கு சாஃப்ட்வேர் தினமும் ஒரு பேக்கப் ஃபைல் போடுகிறது, நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டது. எத்தனை வைத்திருக்கலாம்?

கடைசி ஏழு நாளுக்குத் தினம் ஒன்று, அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கு வாரம் ஒன்று, ஓராண்டுக்கு மாதம் ஒன்று. மற்றதை அழிக்கலாம். மார்ச் 31 கணக்கு முடித்த ஃபைலை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பேக்கப்பை மட்டும் வைத்து அதன் மேலேயே எழுதிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. திங்கட்கிழமை டேட்டா கெட்டதை வியாழக்கிழமை கண்டுபிடித்தால், கையில் இருப்பது கெட்டுப்போன டேட்டாவின் பத்திரமான காப்பி.

ஒரு கடையில் 2 டிபி பென் டிரைவ் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. காப்பி ஆகிறது, ஆனால் பழைய போட்டோக்கள் திறக்கவில்லை.

அது 2 டிபி இல்லை. உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும். கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். நிரம்பிய பிறகு வருவது பழையதன் மேலேயே ஏறும், அல்லது காற்றில் போகும். பெயரும் சைஸும் மட்டும் திரையில் ஒழுங்காகத் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் கடைசி பைட் வரை எழுதிப் படித்துச் சொல்லிவிடும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அடுத்த முறை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பில்லும் கம்பெனி வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான், படிதான் வேறு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.