ஒருமுறை வந்த வைரஸ் மறுபடியும் வருமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சார், புதிதாக ஒரு வைரஸ் வந்து நாம் பிழைத்து எழுந்துவிட்டால், அது ஆயுளுக்கும் மறுபடி வராது என்று நம்பலாமா?

அந்தந்த வைரஸைப் பொறுத்தது. வைரஸ் புதிதாக இருக்கும்போது இதற்கு உறுதியான பதில் யாரிடமும் இருக்காது, ஏனென்றால் பத்து வருடம் தாங்குமா என்று பார்க்கப் பத்து வருடம் ஆகத்தான் வேண்டும். 1846இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. கிட்டத்தட்ட 7,800 பேர் இருந்த இடத்தில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே போன பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: அதற்கு முன் 1781இல் தட்டம்மை வந்து தப்பித்த முதியவர்கள் யாருக்கும் இந்தத் தடவை வரவில்லை. நடுவில் 65 வருடம் அந்த வைரஸ் அந்தத் தீவுகளில் தலைகாட்டவே இல்லை, அதனால் எதிர்ப்புச் சக்தி இடையிடையே புதுப்பித்துக்கொண்டது என்றும் சொல்ல வழியில்லை. ஒருமுறை வந்தது ஆயுளுக்கும் காத்தது. ஆனால் இது தட்டம்மையின் கதை, எல்லா வைரஸுக்கும் இதே கதை இல்லை.

கேள்வி: அதே உடம்புதானே? தட்டம்மையை 65 வருடம் நினைவு வைத்திருக்கிற உடம்பு சளிக் காய்ச்சலை மட்டும் ஏன் மறந்துபோகிறது?

இதைக் கேட்டது நல்லதாயிற்று, குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலும் உடம்பு மறப்பதில்லை, நேரம்தான் போதாமல் போகிறது. தட்டம்மை வைரஸ் உள்ளே வந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் பரவி, தடிப்பு வர இரண்டு வாரம் ஆகிறது. பழைய நினைவு செல்கள் விழித்துப் பெருகி ஆன்டிபாடி (வைரஸைப் பிடித்து முடக்கும் புரதம்) தயாரிக்கச் சில நாட்கள் போதும் என்பதால், வைரஸ் ஊன்றுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. சளி வைரஸ் அப்படி உள்ளே போவதே இல்லை, மூக்கிலும் தொண்டையிலும் இறங்கி அங்கேயே இரண்டு மூன்று நாளில் பெருகித் தும்மலாக அடுத்தவருக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிபாடி இருந்தாலும் மூக்கின் ஈரச்சவ்வு வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான், அந்தச் சவ்விலேயே உருவாகும் ஆன்டிபாடி சீக்கிரம் வடிந்துவிடும்.

அப்புறம் இன்னொரு காரணம், உருமாற்றம். தட்டம்மை வைரஸால் தன் மேற்பரப்புப் புரதத்தை நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியாது, மாற்றினால் செல்லுக்குள் நுழையும் திறனே போய்விடும். இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ், மாற்றிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஆயுள் பாதுகாப்பு தருகிற வைரஸ் எது, தராதது எது என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

கேள்வி: காய்ச்சல் வந்து ஆறு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தேன். ஆன்டிபாடி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், இறங்கத்தான் வேண்டும். ரத்தத்தில் இருக்கும் முக்கியமான ஆன்டிபாடி, புதிதாகச் சுரக்காவிட்டால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நோய் நேரத்தில் அவசரமாக உருவாகிற செல்கள் செத்துப்போனதும் அளவு சரியும், அதன்பிறகு எலும்பு மஜ்ஜையில் குடியேறிய சில செல்கள் மட்டும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும். ஆன்டிபாடி செய்யத் தயாராக இருக்கும் நினைவு பி செல்லும், வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்லும் அந்த டெஸ்டில் தெரியவே தெரியாது. 2003இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தை 17 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன. 1918 ஃப்ளூவுக்கு முன்பே பிறந்து அந்தக் காலத்தைக் கடந்து வாழ்ந்தவர்களிடம் 90 வருடம் கழித்தும் அந்த வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடியும் நினைவு பி செல்லும் கிடைத்தன. ஒரு டெஸ்ட் எண்ணை வைத்து இவ்வளவையும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு நினைவு இருந்தும் எனக்குக் கொரோனா மூன்று தடவை வந்ததே, அது எப்படி?

தொற்றாமல் காப்பது ஒன்று, தொற்றினாலும் நுரையீரல் வரை போகாமல் காப்பது வேறொன்று. முதலாவது சில மாதங்களில் தளரும், இரண்டாவது நீண்ட நாள் நிற்கும். 2021 நவம்பரில் ஓமிக்ரான் வந்தபோது பழைய ஆன்டிபாடிகளில் பெரும்பகுதிக்கு அது பிடிபடவில்லை, ஏற்கெனவே வந்தவர்களுக்கும் கூட்டம் கூட்டமாக வந்தது. ஆனால் டி செல்கள் வைரஸைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடையாளம் காண்பதால் அவை அவ்வளவாக ஏமாறவில்லை. சாதாரணச் சளி தரும் பழைய கொரோனா வகை வைரஸ் ஒன்றை வைத்து 1990இல் வெளியான ஒரு ஆய்விலும் இதைப் பார்க்கலாம்: தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸை விட்டு, ஒரு வருடம் கழித்து அதையே மறுபடி விட்டார்கள். முதலில் தொற்றியவர்களில் பலருக்கு மறுபடி தொற்றியது, ஆனால் அவர்களில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் இரண்டாவது தடவை எப்போதுமே லேசாகத்தான் வரும், சரியா?

இல்லை. டெங்குவை மறக்காதீர்கள். அதில் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு, ஆனால் பிறகு வேறு வகை வந்தால் பழைய ஆன்டிபாடி அதைப் பிடிக்கும், முடக்காது. அப்படி அரைகுறையாய்ப் பிடித்ததே வைரஸ் செல்லுக்குள் நுழைய வழியாகிவிடும், அதனால் இரண்டாவது தடவை இன்னும் கடுமையாகலாம். டெங்கு ஒருமுறை வந்தவர்கள் அடுத்த காய்ச்சலை "எனக்குத்தான் வந்து போயிற்றே" என்று விடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்தது, இப்போது அக்கி. எதிர்ப்புச் சக்தி தீர்ந்துவிட்டதா?

வெளியிலிருந்து புதிதாக வந்ததல்ல. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் அத்தனை வருடமும் ஒளிந்திருக்கும், வயதாகி டி செல்கள் தளரும்போது எழுந்து வரும்.

கேள்வி: இயற்கையாக வந்தால்தான் எதிர்ப்புச் சக்தி பலமாக இருக்கும் என்கிறார்கள். குழந்தைக்கு வரட்டும் என்று விட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். தட்டம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள், அது தனக்கு எதிரான நினைவைக் கொடுத்துவிட்டு மற்ற நோய்களின் நினைவை அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மைக்குப் பிறகு அவர்களின் ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தடுப்பூசியில் இந்த இழப்பு இல்லை. தடுப்பூசியின் பலன் சீக்கிரம் போய்விடும் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது: கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும் என்று 2013இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு சொன்னது.

கேள்வி: போன மாதம்தான் எனக்கு வந்து குணமாயிற்று. பாட்டிக்கு இப்போது அதே காய்ச்சல். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாமா?

வீட்டில் இருப்பவர்களில் நீங்கள்தான் பொருத்தமான ஆள், குணமான முதல் சில மாதங்களில்தான் பாதுகாப்பு அதிகம். ஆனாலும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உங்களுக்கே தெரியாத அளவு லேசாகத் தொற்றினாலும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு உங்களால் பரவக்கூடும். தொண்டை கரகரத்தால் அன்றே வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு டெஸ்ட் எடுங்கள். பாட்டிக்கு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ இரவு என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.