வயது வரம்பு

அன்புள்ள ஐயா,

குத்துச்சண்டையில் ஜாக் டெம்ப்சியும் ஹாரி வில்ஸும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? வில்ஸ் 1926இல் ஷார்க்கியிடமும் அடுத்த வருடம் உஸ்குடுனிடமும் தோற்றவர்தானே. அந்தச் சண்டை நடக்காததில் என்ன பெரிய நஷ்டம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்வியை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு பதில் உண்டு, சொல்ல மாட்டேன்.

இரண்டாவதை எழுதுமுன் கொஞ்சம் கணக்குப் போட்டிருக்கலாம். வில்ஸ் பிறந்தது 1889. டெம்ப்சி 1919இல் டொலீடோவில் வில்லார்டை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கியபோது வில்ஸுக்கு 30. ஷார்க்கியிடம் தோற்றபோது 37. ஏழு வருஷம் வாசலில் நிற்க வைத்துவிட்டு, கால் தளர்ந்ததும் ‘இவ்வளவுதானே இவன்’ என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சின்ன வயசுக்காரர் என்று நினைக்கிறேன். உங்கள் வயதில் நானும் இப்படித்தான் தோல்விப் பட்டியலை மட்டும் படிப்பேன்.

வில்ஸ் கறுப்பர். பட்டம் வாங்கிய கையோடு, கறுப்பரோடு மோதமாட்டேன் என்றார் டெம்ப்சி. சரி, அசிங்கமான பேச்சு, ஆனால் நேரான பேச்சு. அப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. 1922இல் இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தேதி மட்டும் குறிக்கவில்லை. 1925இல் மிச்சிகனில் நைல்ஸ் என்ற ஊரில் மறுபடி கையெழுத்து. டெம்ப்சிக்குக் கொடுத்த முன்பணக் காசோலை திரும்பி வந்துவிட்டது. முதலில் வில்ஸோடு மோதட்டும் என்று நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் பிடிவாதம் பிடித்தது. உடனே டெம்ப்சி பிலடெல்பியாவுக்குப் போய் டன்னி என்ற வெள்ளைக்காரரோடு மோதினார். 1910இல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் ஒரு வெள்ளைக்காரரை ஜெயித்ததும் வெடித்த கலவரம் ஏற்பாட்டாளர்களுக்கு மறக்கவில்லை என்பார்கள். இருக்கட்டும். அதுவரை வில்ஸ் யாரோடு மோதினார்? சாம் லாங்ஃபோர்டோடு. திரும்பத் திரும்ப, பதினைந்து தடவைக்கு மேல். லாங்ஃபோர்டும் கறுப்பர்தான். அவருக்கும் உலக ஹெவிவெயிட் பட்டச் சண்டை கிடைக்கவேயில்லை.

என் அப்பா ஓர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் தற்காலிக ஊழியர். நிரந்தரம் பற்றிக் கேட்டால் “ஃபைல் மேலே போயிருக்கு” என்பார்கள். இல்லை என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. நாங்களும் வருஷா வருஷம் தீபாவளிக்குள் வந்துவிடும் என்றே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் வயது வரம்பு தாண்டிவிட்டது என்று தாள் வந்தது. கொடுத்தவர் நல்ல மனிதர்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நீங்க முன்னாடியே வந்து கேட்டிருக்கணும் சார்” என்றாராம்.