பெரியப்பாவின் கலெக்டர் கனவும் பிளஸ் டூ முடித்த மகளும்

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், ஆங்கிலத்தில் நல்ல பிடி. பெரியப்பாவோ, "டெல்லிக்கு கோச்சிங் அனுப்பு, கலெக்டரானால் அதிகாரம் நம் கைக்கு வரும்" என்கிறார். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கவே கூடாது. கலெக்டராவதற்கான குடிமைப் பணித் தேர்வை 21 வயதுக்கு முன் எழுத முடியாது, பட்டமும் வேண்டும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஐ.ஏ.எஸ். இடங்கள் சுமார் 180 மட்டுமே. 17 வயதுப் பெண்ணுக்கு இப்போதே கடன் வாங்கிக் கோச்சிங் கட்டணம் கட்டுவது பணத்தைக் கிணற்றில் போடுவதுதான்.

மகளுக்கு எதில் நாட்டம் என்று பெரியப்பா கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆளுநர் வழக்குச் செய்தியைப் படித்துவிட்டு, "ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் என்றால் எத்தனை நாள்?" என்று கேட்டிருக்கிறாள். "கூடிய விரைவில்" என்று பொருள்படும் அந்தச் சொற்கள், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்று கூறும் அரசியலமைப்பின் 200ஆவது பிரிவில் உள்ளவை. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் தொடர்பாக 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆளுநர் முடிவெடுக்கக் காலக்கெடு வகுத்தது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. இப்படிக் கேட்கிற பெண்ணுக்கென்றே ஒரு துறை இருக்கிறது: சட்ட வரைவு.

அமைச்சர் தாக்கல் செய்யும் மசோதாவை அமைச்சர் எழுதுவதில்லை. துறை என்ன வேண்டும் என்று குறிப்பு அனுப்பும். அதைப் பிரிவு பிரிவாக வாசகமாக்குவது வரைவாளர். குறுந்தலைப்பு, எந்தப் பகுதிக்குப் பொருந்தும், எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும், சொற்பொருள் விளக்கம், யாருக்கு என்ன அதிகாரம், தண்டனை, விதி இயற்றும் அதிகாரம், கடைசியில் பழைய சட்டத்தின் நீக்கமும், அதன் கீழ் ஏற்கெனவே நடந்தவற்றுக்கான காப்பும். காப்புப் பிரிவில் ஓட்டை விழுந்தால், பழைய சட்டத்தில் வாங்கிய உரிமங்களும் நிலுவை வழக்குகளும் என்னாவது என்று வழக்கு கிளம்பும்.

இந்த வேலையின் உயிர் ஆளுகைக்கான ஆங்கிலச் சொற்களில்தான் இருக்கிறது. "மே" என்று எழுதினால் அதிகாரி யோசித்து முடிவெடுக்கலாம். "ஷால்" என்றால் செய்தே தீர வேண்டும். நீதிமன்றங்கள் "மே" என்பதைக் கட்டாயமாகப் படித்த வழக்குகளும் உண்டு. அதனால் அனுபவமுள்ள வரைவாளரும் அந்தச் சொல்லில் ஒருமுறை நின்றுதான் நகர்வார். "நாட்வித்ஸ்டாண்டிங்" என்று தொடங்கும் பிரிவு மற்றதை மீறி நிற்கும், "சப்ஜெக்ட் டு" என்றால் அடங்கி நிற்கும். "ரூல்ஸ்" அரசு இயற்றுவது. "ரெகுலேஷன்ஸ்" பெரும்பாலும் சட்டம் உருவாக்கிய ஆணையம் இயற்றுவது. "பிரிஸ்கிரைப்டு" (விதியில் குறிப்பிட்டபடி) என்று போட்டுவிட்டு விதி வெளியிட மறந்தால் அந்தப் பிரிவு தூங்கும். நம் மாநிலச் சட்டங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவருவதால், இரு மொழியிலும் வலுவானவளுக்கு இங்கே கூடுதல் மதிப்பு.

வழி இதுதான். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே, பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே, முடிந்துவிடுகிறது. அதைத் தவறவிட்டதற்காக ஓராண்டை வீணாக்க வேண்டாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கிறது. முதலில் அரசு சட்டக் கல்லூரிகளைக் குறியுங்கள், கட்டணம் மிகக் குறைவு. தேசியப் பல்கலைக்கழகத்தில் விடுதியும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். கணவரின் கடை வருமானத்தில் அது தேவையில்லாத சுமை.

படிக்கும்போதே டெல்லியில் உள்ள சட்ட வரைவு மற்றும் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். மத்திய சட்ட அமைச்சகத்தின் கீழ் 1989இல் தொடங்கியது அது. பட்டம் வாங்கியதும், 25 வயதுக்குள், நாடாளுமன்ற உறுப்பினருடன் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றும் லேம்ப் ஃபெல்லோஷிப் இருக்கிறது. தலைமைச் செயலகச் சட்டத் துறையின் உதவிப் பிரிவு அலுவலர் பணிக்குச் சட்டப் பட்டதாரிகளை டி.என்.பி.எஸ்.சி. எடுக்கிறது. மத்திய அரசின் வரைவாளர் பணிக்கு யு.பி.எஸ்.சி. வழியாகத்தான் போக வேண்டும், வழக்கறிஞராகச் சில ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். அந்த முதல் ஆண்டுகளில் கையில் வரும் பணம் சொற்பம். சேமிப்பு இருந்தால் அதற்காக எடுத்து வையுங்கள்.

பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: 22, 23 வயதில் சட்டப் பட்டத்தோடு அவளாக விரும்பினால் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம், சட்டத்தையே விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். விரும்பாவிட்டால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

கடைசி முடிவுக்கு முன் ஒரு சோதனை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்திலிருந்து ஆங்கிலத்தில் இறக்கிக் கொடுங்கள். மொத்தம் 31 பிரிவுகள்தான். 20ஆவது பிரிவில், தகவல் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் விதிப்பது தகவல் ஆணையத்தின் விருப்பமா கட்டாயமா என்று சொல்லச் சொல்லுங்கள். 8, 22 ஆகிய இரண்டு பிரிவுகளிலும் "நாட்வித்ஸ்டாண்டிங்" வருகிறது, எது எதை மீறுகிறது என்று கேளுங்கள். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தால் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை அன்றே நிரப்பலாம். பத்து நிமிடத்தில் மூடி வைத்தால் பி.ஏ. ஆங்கிலம் சேருங்கள்; மூன்றாண்டு சட்டப் படிப்பை அதன் பிறகும் படிக்கலாம்.