சுறா கடித்ததும் கோலைத் தூக்காதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

வழிகாட்டியோடு படகில் போய், கரையோரக் கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடும் பயணங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: முதல் முறையாக அரை நாள் பயணத்துக்குப் படகு பேசப்போகிறேன். சுறா கிடைக்குமா என்று கேட்டால் எல்லாக் கேப்டன்களும் "நிச்சயம்" என்கிறார்கள். யாரை நம்புவது?

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு வேறு பதில் வரவே வராது. பதிலாக மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலில், என்ன முள் போடுகிறார் என்று கேளுங்கள். "வட்ட முள், துருப்பிடிக்கிற இரும்பு" என்று சொன்னால் நல்லது. ஸ்டெயின்லெஸ் முள் சுறாவின் வாயில் மாட்டி அறுந்துபோனால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சாதா இரும்பு அரித்து விழுந்துவிடும்.

இரண்டாவது, சுறா ஓடினால் படகு பின்னாலேயே போகுமா என்று கேளுங்கள். நல்ல கேப்டன் நங்கூரக் கயிற்றின் முனையில் ஒரு பெரிய மிதவையைக் கட்டி வைத்திருப்பார். பெரிய சுறா மாட்டியதும் கயிற்றை அப்படியே கழற்றி மிதவையோடு கடலில் விட்டுவிட்டுத் துரத்துவார், திரும்பி வந்து எடுத்துக்கொள்வார். நங்கூரத்தை இழுத்து முடிக்கும்வரை ரீலில் இருக்கும் கயிறு காத்திருக்காது.

மூன்றாவது, முள்ளை எப்படிக் கழற்றுவார்? நீளக் கைப்பிடியுள்ள முள் கழற்றியும், முள்ளையே துண்டிக்கும் பெரிய போல்ட் கட்டரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்" என்றால் வேறு படகைப் பாருங்கள்.

இன்னொன்று. உரிமம் படகுக்கு இருந்தால் போதுமா, பயணி ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டுமா, எந்த இனங்களைப் பிடித்தால் உடனே விட வேண்டும் என்பதெல்லாம் கடலுக்குக் கடல் மாறும். கேப்டன் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை. அரை நாள் என்பது பெரும்பாலும் 4 மணி நேரம். போய்வரும் நேரமும் இரைமீன் பிடிக்கும் நேரமும் அதற்குள் அடக்கமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன பயணத்தில் மூன்று கடி வந்தது. மூன்று முறையும் பலமாக வெட்டி இழுத்தேன், மூன்றும் போச்சு. கேப்டன் "தொடாதே" என்று கத்தினார். தொடாமல் எப்படி மீன் மாட்டும்?

மாட்டும். வட்ட முள் அதற்காகவே செய்யப்பட்டது.

முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண ஜே வடிவ முள்ளில் முனை மேல்நோக்கி, தண்டுக்கு இணையாக நிற்கும். எங்கே பட்டாலும் குத்தும். வட்ட முள்ளில் முனை உள்பக்கமாக, தண்டை நோக்கி வளைந்திருக்கும். உள்ளங்கையில் வைத்து நேராக இழுத்தால் குத்தாது, வழுக்கிக்கொண்டு வரும். சுறாவின் தொண்டையிலும் அதேதான் நடக்கிறது. இரையை விழுங்கிவிட்டு அது திரும்பிப் போகும்போது கயிறு மெல்ல இறுகும். முள் தொண்டையை விட்டு வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் தாடை முடியும் இடத்தில் சுழன்று உள்ளே ஏறும். இதற்கு நிதானமான, விடாத இழுவை வேண்டும். நீங்கள் வெட்டி இழுத்தால் முள் சுழல நேரம் கிடைக்காமல் இரையோடு வெளியே வந்துவிடும். உங்கள் மூன்று கடிக்கும் நடந்தது அதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கோல் அதன் தாங்கியிலேயே இருக்கட்டும். கயிறு ஓடினால் சத்தம் போடும் ரீல் கிளிக்கரைப் போட்டு, கயிறு தானாக ஓடாத அளவுக்கு மட்டும் லேசான டிராக்கில் (ரீலின் பிரேக்) விடுங்கள். கிளிக்கர் விட்டுவிட்டுச் சத்தம் போட்டால் சுறா இரையை மென்று பார்க்கிறது, கை வைக்காதீர்கள். ஒரே சீராக ஓட ஆரம்பித்தால் ஐந்து எண்ணி, டிராக் நெம்புகோலை, முன்பே அளந்து வைத்த இறுக்கமான 'ஸ்டிரைக்' நிலைக்கு மெதுவாகத் தள்ளுங்கள். கோல் வளைந்து நின்ற பிறகுதான் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். கயிறு திடீரெனத் தொய்ந்தால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சுறா படகை நோக்கி வருகிறது என்றுதான் அர்த்தம். கை ஓய்கிறவரை ரீலைச் சுற்றுங்கள்.

இரையை மாட்டும்போது முனையும் அதன் எதிரிலுள்ள இடைவெளியும் வெளியே தெரிய வேண்டும். பெரிய சூரைத் துண்டுக்குள் முள்ளைப் புதைத்துவிட்டால் இந்த வித்தை எதுவும் நடக்காது. இதைச் சரிபார்க்காமல் இரையைக் கடலில் போடும் உதவியாளர்களும் உண்டு.

கேள்வி: படகில் கொடுத்த கோலில் கயிறு மெல்லியதாக இருக்கிறது, முள்ளுக்கு மேலே மட்டும் கம்பியும் கனத்த தங்கூசும். இவ்வளவு கனம் எதற்கு? மீன் பார்த்துவிடாதா?

கரையோரத்தில் கலங்கிய நீரில், மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும் சுறாவுக்குக் கம்பி பெரிய விஷயமில்லை. பல்லுக்காகக் கம்பி, தோலுக்காகத் தங்கூஸ். சுறாத் தோல் முழுக்கப் பல் போன்ற நுண்செதில்கள். அதில் உரசினால் பின்னல் கயிறு நொடியில் நைந்துவிடும். ஒன்றரை மீட்டர் கம்பிவடம், அதற்கு மேல் 2 மி.மீ. தடிமனில் மூன்று மீட்டர் தங்கூஸ், பிறகு சுழலி, அதன் பின் ரீல் கயிறு. கம்பியும் தங்கூசும் சேர்ந்து எதிர்பார்க்கும் சுறாவை விட நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது திரும்பி ஓடும்போது வால் அடிப்பது ரீல் கயிற்றின் மேல்தான்.

ஒற்றை இழைக் கம்பியில் ஒரு முறுக்கு விழுந்துவிட்டால் அந்த இடத்திலேயே உடையும். பல இழை வடம் மடங்கினாலும் தாங்கும். தங்கூசை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் என்ற சின்ன உலோகக் குழாயை நெரித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். நடுவில் நெரித்து, இரு ஓரமும் லேசாக விரிந்திருக்க வேண்டும். ஓரம்வரை நெரித்திருந்தால் ஸ்லீவின் விளிம்பே தங்கூசை அறுக்கும். ஒவ்வொரு சுறாவுக்குப் பிறகும் தங்கூசை நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் மாற்றச் சொல்லுங்கள்.

டிராக் அளவையும் கேளுங்கள். கயிற்றின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கலாம்: 36 கிலோ கயிற்றுக்கு 9 முதல் 12 கிலோ. இதைக் கோலின் வளையங்கள் வழியாகக் கயிற்றை இழுத்து, சுருள்வில் தராசில் அளந்து வைத்திருப்பார்கள். நடுவில் பயணி அதைத் திருகி இறுக்கக் கூடாது. கயிறு ஓடஓட ரீலில் சுற்றின் விட்டம் குறையும்; விட்டம் பாதியானால் டிராக் தானாகவே இரண்டு மடங்காகிவிடும். கடலுக்குள் நீண்டு கிடக்கும் கயிற்றின் இழுவை வேறு. நிறையக் கயிறு போய்விட்டால் தளர்த்துவதுதான் சரி. கை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருகச் சொல்லும்.

கேள்வி: இரண்டு மணி நேரம் நறுக்கிய மீனையும் இரத்தத்தையும் கடலில் கொட்டினோம். ஒன்றுமே வரவில்லை. ஒரு சொட்டு இரத்தத்தைப் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மோப்பம் பிடிக்கும் என்கிறார்களே?

அது மிகைக் கதை. சுறாவுக்கு மோப்பம் கூர்மைதான். ஆனால் மணம் நீரோட்டத்தோடு மட்டுமே போகும், அதுவும் நீரோட்டத்தின் வேகத்தில். சுறா அந்தத் தடத்துக்குள் குறுக்கிட்டால்தான் திரும்பும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் நீங்கள் கொட்டினால், எல்லாம் படகுக்குக் கீழேயே இறங்கிவிடும்.

வற்றம் தொடங்கி, முகத்துவாரத்திலிருந்தோ கால்வாயிலிருந்தோ தண்ணீர் வெளியேறும்போது, ஆழம் திடீரென மாறும் விளிம்புக்கு, நீரோட்டம் வரும் பக்கமாக நங்கூரம் போடுவது வழக்கம். உறையவைத்த அரைத்த மீன் கட்டியை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வாரிக் கொட்டுவதை விட இது மேல். தடம் அறுந்தால் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும் சுறாவும் தொலைந்துபோகும். இடையில் நங்கூரத்தை எடுத்து இடம் மாறினாலும் இதே கதை. முக்கால் மணி நேரமாவது ஒரே இடத்தில் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரைகளில் ஒன்றை ஈயத்தோடு அடியில் இறக்குங்கள், மற்றதை மிதவைக்குக் கீழே 20 – 30 மீட்டர் பின்னால் விடுங்கள். இரை புதுசாக, எண்ணெயும் இரத்தமும் உள்ளதாக இருக்கட்டும்: கானாங்கெளுத்தி, சூரை, மடவை. பலமுறை உருகி உறைந்த மீனில் அந்த எண்ணெயும் இரத்தமும் ஏற்கெனவே வடிந்திருக்கும். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் இரையும் கிடக்க வேண்டும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் ஒரு பக்கமும் இழுக்கும் நாளில் இரண்டும் வெவ்வேறு திசையில் போய்விடும். உங்கள் இரண்டு மணி நேரம் வீணானதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

கேள்வி: பத்து நிமிஷத்தில் கை மரத்துவிடுகிறது. என்ன செய்ய?

கையால் இழுப்பதால்தான். இடுப்புப் பட்டையில் கோலின் அடியைச் செருகி, முழங்காலை லேசாக மடக்கி, உடல் எடையால் பின்னோக்கிச் சாயுங்கள். கோலைக் கொஞ்சம் தூக்கி, இறக்கும்போது சுற்றுங்கள். சிறுசிறு தூக்கலே போதும். தூக்கும்போதே சுற்றுவதுதான் பலருடைய தவறு. கையும் போகும், கயிறும் ஏறாது. சுறா படகுக்கு நேர் கீழே இருக்கும்போது கோலைச் செங்குத்தாக நிமிர்த்தினால் அது நுனிப்பக்கம் முறியும். கருமுனைச் சுறா (துடுப்பு நுனி கறுத்த பிளாக்டிப் இனம்) தண்ணீருக்கு மேலே சுழன்று துள்ளும். அப்போது கோல் நுனியைத் தாழ்த்தி, அது விழுந்ததும் உடனே தொய்வைச் சுற்றுங்கள்.

முடியவில்லை என்றால் கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். வீம்புக்கு ஒரு மணி நேரம் இழுத்தால் நஷ்டம் சுறாவுக்கு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பிடித்த சுறாவை மேலே ஏற்றி ஒரு படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாமா? கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) மாட்டினால் என்ன செய்வது?

ஏற்றாதீர்கள். சுறாவுக்கு எலும்பும் இல்லை, வயிற்றைத் தாங்கும் விலா எலும்புக் கூடும் இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த ஈரலும் குடலும் மேலே எடுத்ததும் அதன் சொந்த எடையிலேயே நசுங்கும். வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தூக்குவது அதை விட மோசம். நீந்திக்கொண்டே வாய்வழியாக நீர் ஓடினால்தான் பல இனங்களுக்கு மூச்சு. நீண்ட இழுபறியில் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, இரத்தத்தின் சமநிலை கெட்டு, விடும்போது நீந்திப் போன சுறாகூடச் சில மணி நேரம் கழித்துச் சாகலாம். நீர் சூடாக இருந்தால் அதில் ஆக்சிஜனும் குறைவு. ஆபத்து இன்னும் கூடும்.

எல்லா இனத்துக்கும் இது ஒன்றுபோல் இல்லை. புலிச் சுறா நிறையத் தாங்கும். கொம்பன் சுறா, அதிலும் பெரிய கொம்பன், தாங்காது. கருமுனையும் பலவீனமானதே. கொம்பன் மாட்டியது தெரிந்ததும் படம், அளவு எதையும் நினைக்காமல் படகைக் கிட்டே கொண்டுபோய்க் கம்பியை முள்ளுக்கு அருகே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

மற்றவற்றுக்குப் படகோரம், தண்ணீரிலேயே படம். செவுளை நீர் மூட வேண்டும். கேமரா தயாரான பிறகே உதவியாளர் லீடரை, அதாவது முள்ளுக்கு மேலே உள்ள கம்பியையும் தங்கூசையும், பிடிப்பார். பிடிப்பது அவர் மட்டும். பயணி தொடவே கூடாது. லீடரைக் கையில் சுற்றிக்கொள்வது விரலை இழக்கும் வழி. சுறுசுறுப்பான சுறா தன் வாலையே கடிக்குமளவுக்கு வளையும், எனவே "வாலைத்தானே பிடிக்கிறேன்" என்ற சமாதானம் எடுபடாது. தளர்ந்துபோன சுறாவைத் தலை நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி பிடித்து, படகை நடைவேகத்தில் முன்னோக்கி ஓட்டுவார்கள். முன்னும் பின்னுமாக ஆட்டக் கூடாது. பின்னோக்கி இழுத்தால் செவுளில் நீர் தலைகீழாகப் பாயும். வாலை அடித்துத் தானே திமிறினால் விட்டுவிடலாம்.

கேள்வி: தாடையை நினைவுப் பொருளாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியுமா? இறைச்சி?

பிடித்து வைத்துக்கொள்ள உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தாலும் எல்லை தாண்டுவது வேறு கதை. கொம்பன் சுறாவின் மூன்று பெரிய இனங்கள் 2013இலும், கருமுனை உள்ளிட்ட குடும்பம் முழுவதும் 2022இலும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தாடை, துடுப்பு எதுவானாலும் உரிய அனுமதித் தாள் இல்லாமல் விமானத்தில் ஏற்ற நினைக்காதீர்கள்.

இறைச்சியில் யூரியா அதிகம். உடனே இரத்தம் வடித்து, குடல் நீக்கி, ஐஸில் புதைக்காவிட்டால் அம்மோனியா நெடி அடிக்கும். பாதரசமும் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: கடல் நோய்க்கு மாத்திரை எப்போது போடுவது?

வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். தூக்கம் வரும் மாத்திரையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கோல் பிடிக்கப் போகிறீர்கள். நங்கூரமிட்டு நிற்கும் படகு ஓடும் படகை விட அதிகம் ஆடும், கரைந்துகொண்டிருக்கும் இரையின் நாற்றம் வேறு. காற்று வரும் பக்கமாக, படகின் நடுவில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். சன்ஸ்கிரீன் தடவினால் கையைக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள், ஸ்பிரே வகையைத் தளத்தில் அடிக்காதீர்கள், வழுக்கும்.